இலத்தீன் வேர்களின் வழியே ஜி.ஆர்.இ. சொல்வளம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் வரக்கூடிய ஒரு வினாவின் அமைப்பை முதலில் பார்ப்போம். ‘அந்த விமர்சகரின் வாதம் முதல் பார்வைக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றினாலும், சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது அது வெறும் ______ வாதம் என்பது வெளிப்பட்டது.’ விடைகளாகத் தரப்படும் ஐந்து சொற்கள் ஸ்பீஷஸ், பெர்ஸ்பிகேஷஸ், கன்ஸ்பிக்யுவஸ், ஆஸ்பிஷஸ், சர்கம்ஸ்பெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ‘பார்’ என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. எனவே ‘ஸ்பெக் என்றால் பார்த்தல்’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த வினாவில் ஒரு பயனும் இல்லை.

அந்த வேரிலிருந்து ஒவ்வொரு சொல்லும் எவ்வழியில் பிரிந்தது என்று அறிந்தவரின் நிலை வேறு. ஸ்பீஷஸ் என்பது பார்வைக்கு மட்டும் நன்றாக இருந்து உள்ளே பொய்யாக இருப்பது. பெர்ஸ்பிகேஷஸ் என்பதில் ‘ஊடாக’ என்னும் பொருளுள்ள பெர் முன்னே நிற்பதால், மேற்பரப்பைத் துளைத்துப் பார்க்கும் கூர்மதியை அது குறிக்கிறது. கன்ஸ்பிக்யுவஸ் என்பது தவறாமல் கண்ணில் படுவது. சர்கம்ஸ்பெக்ட் என்பது சுற்றும் முற்றும் பார்த்து அடியெடுத்து வைக்கும் எச்சரிக்கை. ஆஸ்பிஷஸ் என்பதில் பறவையைக் குறிக்கும் ஆவிஸ் என்ற சொல் ஒளிந்திருக்கிறது; பறவைகள் பறக்கும் திசையைப் பார்த்து நிமித்தம் சொன்ன உரோமரின் வழக்கத்திலிருந்து, நற்குறி உடையது என்ற பொருள் அதற்கு வந்தது. விடை ஸ்பீஷஸ். ஆனால் ஐந்து சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நினைவில் நிற்பதுதான் இங்கே கிடைக்கும் பெரிய ஆதாயம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருத்தின் மேல் நிற்கிறது. இலத்தீன் வேர், தெரியாத சொல்லின் பொருளை ஊகித்துக் கண்டுபிடிப்பதற்கான கருவி அன்று. கற்ற பொருளை மறக்காமல் வைத்திருப்பதற்கும், ஒன்றுபோல் தோன்றும் சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கும் உரிய கருவி. பயிற்சி வகுப்புகளில் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பதால்தான், வேர்ப்பட்டியலை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்கள்கூட வினாத்தாளின் முன் தடுமாறுகிறார்கள்.

தேர்வு எதைக் கேட்கிறது

ஈ.டி.எஸ். நிறுவனம் நடத்தும் ஜி.ஆர்.இ. பொதுத்தேர்வில், தனிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடும் வினாக்களும் சொற்களுக்கிடையிலான உறவை ஒப்பிடும் வினாக்களும் 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டன. அன்றுமுதல் சொல்லறிவு சூழலின் வழியாகவே சோதிக்கப்படுகிறது. 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்டு, மொத்த நேரம் 1 மணி 58 நிமிடம் ஆனது. மொழிப்பகுதியில் 18 நிமிடத்தில் 12 வினாக்கள், அடுத்து 23 நிமிடத்தில் 15 வினாக்கள் என மொத்தம் 27 வினாக்கள் உள்ளன. முதல் பிரிவில் நீங்கள் செய்ததைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். மதிப்பெண் 130 முதல் 170 வரை.

சொல்வளம் நேரடியாகத் தேவைப்படுவது இரண்டு வகை வினாக்களில். டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் என்பதில் ஒன்று முதல் மூன்று வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். எல்லா வெற்றிடமும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் என்பதில் ஒரே வெற்றிடத்துக்குத் தரப்பட்ட ஆறு சொற்களில், வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் இல்லை. இரண்டிலும் மேலோட்டமான பொருள் போதாது; சொல் புகழ்ச்சியா இகழ்ச்சியா, அளவானதா மிகையானதா என்பது வரை தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் கல்விச்சொற்களில் இலத்தீன் ஏன் இவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு இரண்டு வரலாற்றுக் காரணங்கள் போதும். 1066இல் நார்மாண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் சட்டத்திலும் இலத்தீனின் மகளான பிரெஞ்சு மொழி ஆட்சி செய்தது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வகைசெய்யும் சட்டம் 1362இல்தான் வந்தது. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீனிலிருந்தே நேரடியாகச் சொற்களை எடுத்தார்கள். அதனால்தான் அரசனுக்குரியது என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் கிங்லி என்ற பழைய நாட்டுச்சொல்லும், பிரெஞ்சு வழியே வந்த ராயலும், இலத்தீனிலிருந்து நேரே வந்த ரீகலும் அருகருகே வாழ்கின்றன. இந்த மூன்றாம் அடுக்கை, அதாவது அன்றாடப் பேச்சில் அரிதாகவும் எழுத்தில் மிகுதியாகவும் வரும் சொற்களை, ஜி.ஆர்.இ. மிகவும் விரும்புகிறது.

தொடங்குமுன் ஒரு சிறு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். வேர்கள் காதுக்குப் புலப்படுவதைவிடக் கண்ணுக்கே நன்கு புலப்படும். ஸ்பீஷஸ் என்று கேட்கும்போது ஸ்பெக் என்ற வேர் தெரியாது. எஸ், பி, இ, சி என்ற எழுத்துகளைப் பார்க்கும்போது உடனே தெரிந்துவிடும்.

படி 1: ஏற்கெனவே தெரிந்த இலத்தீனை எடுத்து எழுதுங்கள்

பலரும் இலத்தீனை முற்றிலும் அந்நியமானதாக எண்ணித் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளியும் கல்லூரியும் முடித்த ஒருவர் தம்மை அறியாமலே ஒரு கைப்பிடி இலத்தீனைக் கற்றிருக்கிறார். கல்லூரி அலுவலகத்தில் வாங்கிய போனஃபைடு சான்றிதழ் ‘நல்ல நம்பிக்கையோடு’ என்னும் இலத்தீன் தொடரின் பெயரைத் தாங்கியது. அதிலுள்ள ஃபிடெஸ், அதாவது நம்பிக்கை, என்ற சொல்லிலிருந்து ஃபிடெலிட்டி என்ற உண்மைத்தன்மையும், பெர்ஃபிடி என்ற நம்பிக்கைத் துரோகமும், டிஃபிடன்ட் என்ற தன்னம்பிக்கைக் குறைவும் வருகின்றன. மூன்றும் தேர்வுக்குரிய சொற்கள்.

நாளிதழில் படிக்கும் ஹேபியஸ் கார்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு, கார்பஸ் என்ற ‘உடல்’ சொல்லைத் தருகிறது. பருத்த உடலைக் குறிக்கும் கார்ப்யுலன்ட், உடலுருவம் உடையதைக் குறிக்கும் கார்போரியல் ஆகியவை அதன் வழிவந்தவை. சட்டமன்றம் சைன் டை ஒத்திவைக்கப்பட்டது என்றால் ‘நாள் இல்லாமல்’ என்று பொருள். ‘இல்லாமல்’ என்னும் அதே சொல், கவலையைக் குறிக்கும் கூரா என்பதோடு சேர்ந்து, பொறுப்பு ஏதுமின்றிச் சம்பளம் மட்டும் தரும் பதவியைக் குறிக்கும் சைனிக்யூர் ஆயிற்று. விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு வழங்கும் எக்ஸ் கிரேஷியா தொகையிலுள்ள கிராட்டியா என்ற ‘தயவு’ச் சொல்லிலிருந்து, தேவையின்றிச் செய்யப்படுவதைக் குறிக்கும் கிராட்யுயிட்டஸ் வந்தது. கடிகாரத்தின் ஏ.எம்., பி.எம். இரண்டிலும் ஆன்ட்டே என்ற ‘முன்’னும் போஸ்ட் என்ற ‘பின்’னும் உள்ளன. வேதியியலில் ஈயத்தின் குறியீடு பிளம்பம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி நீரின் ஆழத்தை அளந்த வழக்கத்தால், ஒன்றை ஆழமாக ஆராய்வது என்ற பொருளில் பிளம் என்ற வினைச்சொல் ஜி.ஆர்.இ.யில் வருகிறது.

முதல் நாளில் இப்படி உங்களுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எந்தத் தேர்வுச்சொல் கிளைக்கிறது என்று சொற்பிறப்பு காட்டும் ஓர் அகராதியில் தேடுங்கள். புதிய பட்டியலைப் படிப்பதைவிட இது விரைவாக நடக்கும்.

படி 2: வேர்களைத் தேர்ந்தெடுங்கள்

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் வேர்ப்பட்டியல்கள் பெரும்பாலும் நீரைக் குறிக்கும் ஆக்வா, மண்ணைக் குறிக்கும் டெர்ரா போன்றவற்றில் தொடங்குகின்றன. அவை எளியவை, ஆனால் தேர்வுக்குப் பெரிய பயன் தராதவை. அக்வேரியம் என்ற சொல்லை யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. ஜி.ஆர்.இ. கேட்கும் சொற்கள் மனிதரின் இயல்பையும், வாதத்தின் தரத்தையும், பேச்சின் தன்மையையும், ஒரு கருத்தை ஏற்பதையும் மறுப்பதையும் பற்றியவை. எனவே அந்தச் செயல்களைக் குறிக்கும் வேர்களையே முதலில் எடுக்க வேண்டும்.

பேசுதல், அழைத்தல், சொல்லுதல், மௌனமாயிருத்தல் ஆகியவற்றைத் தரும் லொக்வ், வோக், டிக்ட், டாக். நம்புதலைத் தரும் ஃபிட், கிரெட். போரிடுதலைத் தரும் பக்ன், பெல். பிடித்திருத்தலைத் தரும் டென். பின்தொடர்தலைத் தரும் செக்வ். விலகிக் கொடுத்தலைத் தரும் சீட். திரும்புதலைத் தரும் வெர்ட். எறிதலைத் தரும் ஜெக்ட். கடினத்தைத் தரும் டுர். மென்மையைத் தரும் மோல். கூர்மையைத் தரும் ஆக். ஒளியைத் தரும் லூக். அமைதிப்படுத்தலைத் தரும் பிளாக். இவற்றில் தொடங்கி அறுபது வேர்கள் வரை போனால் போதும். முந்நூறு வேர்களை அரைகுறையாக அறிவதைவிட அறுபது வேர்களின் குடும்பங்களை முழுமையாக அறிவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: ஒவ்வொரு வேருக்கும் எல்லா உருவங்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிச் செல்கிறார்கள். ஓர் இலத்தீன் வினைச்சொல் ஆங்கிலத்துக்குள் ஒரே உருவத்தில் வருவதில்லை. நிகழ்கால அடியிலிருந்து ஓர் உருவமும், எச்ச வடிவத்திலிருந்து இன்னோர் உருவமும் வரும். பேசுதலுக்கு லொக்வ் என்பதும் லொக்யூட் என்பதும் உண்டு. எலக்வன்ட் முதலதிலிருந்தும், சுற்றி வளைத்துப் பேசுவதைக் குறிக்கும் சர்கம்லொக்யூஷன் இரண்டாவதிலிருந்தும் வந்தவை. அவ்வாறே செக்வ் என்பதற்கு செக்யூட், வெர்ட் என்பதற்கு வெர்ஸ், சீட் என்பதற்கு செஸ், மிட் என்பதற்கு மிஸ்.

அதைவிட முக்கியமானது, முன்னொட்டு சேரும்போது வேரின் உயிர்எழுத்து மெலிவது. முன்னொட்டு இல்லாதபோது ஏ என்ற எழுத்தாக இருப்பது, முன்னொட்டு வந்ததும் பெரும்பாலும் ஐ என்றோ இ என்றோ மாறிவிடும். நட்புள்ளதைக் குறிக்கும் அமிகபிள் என்பதிலுள்ள அமிகஸ் என்ற ‘நண்பன்’, எதிர்மறை முன்னொட்டோடு சேர்ந்ததும் இனிமிகல் ஆகிறான். அதாவது பகையான, கேடு விளைவிக்கும். ஆண்டைக் குறிக்கும் ஆன்னஸ், ஆனுவல் என்பதில் ஏ என்ற எழுத்தோடும், ஆண்டு முழுதும் நிலைப்பதைக் குறிக்கும் பெரெனியல் என்பதில் இ என்ற எழுத்தோடும் நிற்கிறது. பிடித்திருத்தலைக் குறிக்கும் டென், விடாப்பிடியான டெனேஷஸ் என்பதில் தெளிவாகத் தெரிகிறது. பிடிவாதத்தைக் குறிக்கும் பெர்டினேஷஸ் என்பதில் டின் ஆகி மறைகிறது. மௌனத்தைக் குறிக்கும் டாக், அதிகம் பேசாத இயல்பைக் குறிக்கும் டாசிடர்ன் என்பதிலும், மனத்திலுள்ளதை வெளியிடத் தயங்குவதைக் குறிக்கும் ரெட்டிசன்ட் என்பதிலும் உள்ளது. இரண்டும் உடன்பிறப்புகள் என்பது இந்த உயிர்மாற்றத்தை அறியாதவருக்குப் புலப்படாது.

இதைச் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் வினா ஒன்றில் வைத்துப் பாருங்கள். ‘வழக்கமாக ______ ஆக இருக்கும் அந்த அறிவியலாளர் அன்றைய விருந்தில் நிறுத்தாமல் பேசியது அனைவரையும் வியக்கவைத்தது.’ விடைகள்: டாசிடர்ன், லொக்வேஷஸ், குவெருலஸ், ரெட்டிசன்ட், அப்சீக்வியஸ், கேருலஸ். இதில் லொக்வேஷஸ், கேருலஸ் என்ற வாயாடிகளின் இணையும் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. ‘வழக்கமாக’ என்ற சொல்லையும் ‘வியக்கவைத்தது’ என்ற சொல்லையும் கவனிக்காமல் ‘நிறுத்தாமல் பேசியது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டவர் அந்த இணையில் விழுவார். சரியான விடை டாசிடர்னும் ரெட்டிசன்டும்.

படி 4: முன்னொட்டுகளைப் புணர்ச்சியாகப் படியுங்கள்

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே உண்மையான ஓர் அனுகூலம் உண்டு. செந்தாமரை, செங்கல், செம்பருத்தி ஆகிய மூன்றிலும் முன்னிற்பது செம்மை என்னும் ஒரே சொல்தான் என்பதையும், அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மெல்லெழுத்து மாறுகிறது என்பதையும் நாம் விளக்கமின்றியே உணர்கிறோம். இலத்தீன் முன்னொட்டுகளில் நடப்பதும் அதுவே. ‘சேர்ந்து’ என்னும் பொருளுள்ள கான், அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து காம் என்றும் கால் என்றும் கார் என்றும் மாறும். ‘அல்லாத’ என்னும் இன், இம்பாசிபிள் என்பதில் இம் ஆகவும், இல்லீகல் என்பதில் இல் ஆகவும், இர்ரெகுலர் என்பதில் இர் ஆகவும் நிற்கும்.

மிகுதியாக உருமாறுவது ‘நோக்கி’ என்னும் பொருளுள்ள ஆட். அது அடுத்த மெய்யெழுத்தாகவே மாறி இரட்டித்துவிடும். மெலிவிக்கும் செயலைக் குறிக்கும் அட்டென்யுவேட், துன்பத்தைத் தணிப்பதைக் குறிக்கும் அஸ்வேஜ், மறைமுகமாகச் சுட்டுவதைக் குறிக்கும் அல்லூட் ஆகிய அனைத்திலும் இருப்பது அதுவே. ஒரு சொல் ஏ என்ற எழுத்தில் தொடங்கி உடனே இரட்டை மெய் வந்தால், ஆட் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முன்னொட்டின் ஆற்றலைக் காட்ட ஒரு குடும்பம் போதும். மந்தையைக் குறிக்கும் கிரெக்ஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை விரும்பும் இயல்பு கிரிகேரியஸ். மந்தையாகக் கூடுவது காங்கிரிகேட். மந்தையிலிருந்து பிரித்து வைப்பது செக்ரிகேட். ஒன்றாகத் திரட்டுவது அக்ரிகேட். மந்தையிலிருந்து வெளியே தனித்துத் தெரிவது இக்ரீஜஸ். இக்ரீஜஸ் என்பது இலத்தீனில் தலைசிறந்ததைக் குறித்த புகழ்ச்சொல். ஆங்கிலத்தில் இன்று அப்பட்டமான, மன்னிக்க முடியாத தவற்றையே குறிக்கிறது. வேர் சொல்லின் தொடக்கத்தைத்தான் காட்டும். அது இன்று வந்து சேர்ந்திருக்கும் இடத்தை அகராதியும் வாக்கியமும்தான் காட்டும்.

படி 5: பின்னொட்டின் மனநிலையைக் கவனியுங்கள்

பின்னொட்டு சொல்லின் இலக்கண வகையைக் காட்டும் என்று மட்டுமே பொதுவாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைவிட மேலான ஒன்றை அது தருகிறது. ஏஷஸ் என்று ஒலித்து ஏ-சி-ஐ-ஓ-யு-எஸ் என்று முடியும் சொற்கள், ஒரு செயலில் தீராத நாட்டம் உடைமையைக் குறிப்பவை. பேச்சில் நாட்டம் லொக்வேஷஸ், சண்டையில் நாட்டம் பக்னேஷஸ், விழுங்குவதில் நாட்டம் வொரேஷஸ், பறிப்பதில் நாட்டம் ரபேஷஸ், பொய்யில் நாட்டம் மென்டேஷஸ். இவற்றில் மிகை இருப்பதால் பெரும்பாலும் இகழ்ச்சியும் இருக்கிறது. எலக்வன்ட் என்பவர் நன்றாகப் பேசுபவர். லொக்வேஷஸ் என்பவர் அளவுக்கு மீறிப் பேசுபவர். வேர் ஒன்றே, வேறுபாட்டைக் காட்டுவது பின்னொட்டு. அறிவுக்கூர்மையைச் சொல்லும் சகேஷஸ், பெர்ஸ்பிகேஷஸ் போன்றவை புகழ்ச்சியாக வருவதால், இதை மாறாத விதியாகக் கொள்ளாமல் பொதுவான போக்காகக் கொள்ளுங்கள்.

யுலஸ் என்ற முடிவும் இத்தகையதே. எதையும் எளிதில் நம்பிவிடுபவர் கிரெடுலஸ். ஓயாமல் குறை சொல்பவர் குவெருலஸ். ஓஸ் என்ற முடிவு நிறைந்திருத்தலைக் குறிக்கும்: சொற்கள் நிறைந்தது வெர்போஸ், போர்க்குணம் நிறைந்தது பெலிகோஸ். எஸன்ட் என்ற முடிவு ஒன்று ஆகிக்கொண்டிருப்பதைச் சொல்லும். வழக்கொழிந்துபோனது ஆப்சொலீட், வழக்கொழிந்துகொண்டிருப்பது ஆப்சொலெசன்ட். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு வினாவை அமைத்துவிட முடியும்.

படி 6: வேருக்கு ஒரு பக்கம்

குறிப்பேட்டில் ஒவ்வொரு வேருக்கும் ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். லொக்வ் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். மேலே வேரும் அதன் இரண்டு உருவங்களும். அதன்கீழ் ஆறு அல்லது ஏழு சொற்கள்: எலக்வன்ட், லொக்வேஷஸ், கொலோக்வியல், கிராண்டிலக்வன்ட், சர்கம்லொக்யூஷன், ஆப்லக்வி. ஒவ்வொரு சொல்லையும் கோடிட்டுப் பிரித்து, முன்னொட்டின் பொருளை மேலே சிறிதாக எழுதுங்கள். அடுத்து, சொல் புகழ்ச்சியானால் கூட்டல் குறி, இகழ்ச்சியானால் கழித்தல் குறி, நடுநிலையானால் சுழியம். எலக்வன்ட் கூட்டல், கொலோக்வியல் சுழியம், பகட்டாகப் பேசுவதைக் குறிக்கும் கிராண்டிலக்வன்ட் கழித்தல், ஊரார் பழிச்சொல்லைக் குறிக்கும் ஆப்லக்வியும் கழித்தல். ஆப்லக்வியில் ‘எதிராக’ என்ற பொருளுள்ள ஆப் இருப்பதால், ஒருவருக்கு எதிராகப் பேசப்படுவது என்று நினைவில் எளிதாக அமரும்.

பொருளைத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். நன்கு தெரிந்த மொழியில் துல்லியமாக எழுதிய பொருள், அரைகுறையாகப் புரிந்த ஆங்கில விளக்கத்தைவிட உறுதியாக நிற்கும். ஆனால் பொருளோடு நின்றுவிடாமல், அந்தச் சொல் உண்மையில் பயன்பட்ட ஓர் ஆங்கில வாக்கியத்தையும் அருகில் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை நீங்களே உருவாக்குவதைவிட, கட்டுரையிலோ தலையங்கத்திலோ கண்டதை எடுத்து எழுதுவது பாதுகாப்பானது. பக்கத்தின் கடைசி மூன்று வரிகளை வெறுமையாக விட்டுவையுங்கள். படிக்கும்போது அதே குடும்பத்தின் வேறொரு சொல் எதிர்ப்படும்போது அதற்கு இடம் வேண்டும்.

படி 7: பொறிகளுக்கெனத் தனிப்பக்கம்

வேர் நம்மை ஏமாற்றும் இடங்கள் உண்டு. தேர்வை அமைப்பவர்களுக்கும் அவை தெரியும். இவற்றைத் தனியே தொகுத்து வைப்பது, புதிதாக இருபது வேர்களைக் கற்பதைவிடப் பயன் தரும்.

முதல் வகை, ஒலியால் ஏமாற்றுபவை. எனர்வேட் என்பதைப் பார்த்ததும் எனர்ஜி நினைவுக்கு வந்து, ஊக்கமூட்டுவது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது ‘வெளியே’ என்னும் எ முன்னொட்டும், தசைநாரைக் குறிக்கும் நெர்வஸ் என்ற சொல்லும் சேர்ந்தது; நாரை உருவி எடுத்தாற்போல் வலுவிழக்கச் செய்வது என்று பொருள். துணிச்சல் மிகுந்த முரட்டுத்தனத்தைக் குறிக்கும் டெமெரிட்டியும், அச்சத்தைக் குறிக்கும் டிமிடிட்டியும் எழுத்தளவில் அருகருகே இருந்தாலும் வேரால் தொடர்பற்றவை, பொருளால் ஏறக்குறைய எதிரானவை. மெரிட்ரிஷஸ் என்பதில் மெரிட் இருக்கிறதே என்று புகழ்ச்சியாகக் கொள்ளக்கூடாது. பரத்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, வெளிப்பகட்டால் மயக்கும் போலித்தனத்தைக் குறிக்கிறது.

இரண்டாம் வகை, ஒரே எழுத்தில் வரும் இரண்டு வேர்கள். இலத்தீனின் பெட் என்பது பாதம். கிரேக்கத்திலிருந்து வந்த பெட் என்பது குழந்தை. பெடஸ்ட்ரியன் முதலதைச் சேர்ந்தது, ஜி.ஆர்.இ.யில் அது நடந்து செல்பவரைவிட, சுவையற்ற சாதாரணமான எழுத்தையோ கருத்தையோ குறிப்பதாகவே வரும். பெடகாக் இரண்டாவதைச் சேர்ந்தது. விருப்பத்தைத் தரும் வொல், பெனெவொலன்ட் என்பதிலும் வொலிஷன் என்பதிலும் உள்ளது. நிலையற்றதைக் குறிக்கும் வாலடைல் என்பதில் இருப்பதோ ‘பற’ என்னும் வேறு வேர். சிக்கலானதைக் குறிக்கும் கான்வொலூட்டட் என்பதில் இருப்பது ‘சுருட்டு’ என்னும் மூன்றாவது வேர். பிடித்தலைக் குறிக்கும் டென் போலவே தோன்றும் டெனுவஸ், ‘மெல்லிய’ என்னும் வேறு வேரிலிருந்து வந்து, வலுவற்ற தொடர்பைக் குறிக்கிறது.

மூன்றாம் வகை, இன் என்ற முன்னொட்டின் இரட்டை இயல்பு. அது ‘அல்லாத’ என்றும் வரும், ‘உள்ளே’ என்றும் வரும். இன்ஃப்ளேமபிள் என்பது எளிதில் தீப்பற்றுவது. கள்ளமற்றதைக் குறிக்கும் இன்ஜென்யுவஸும், புதிது புனையும் திறனைக் குறிக்கும் இன்ஜீனியஸும் ஓர் எழுத்தால் மட்டுமே வேறுபடுவதால், இரண்டையும் எப்போதும் ஒரே வரியில் எழுதிப் படிக்க வேண்டும். நம்பமுடியாத செய்தி இன்கிரெடிபிள், நம்ப மறுக்கும் மனிதர் இன்கிரெடுலஸ் என்பதும் இப்பக்கத்தில் இருக்கட்டும்.

நான்காவது, பழைய கொள்கை ஒன்று மறைந்து பொருள் மட்டும் எஞ்சியவை. இரத்தத்தைக் குறிக்கும் சாங்விஸ் என்ற சொல்லிலிருந்து வந்த சாங்வின், கொடூரத்தைக் குறிக்கவில்லை. நம்பிக்கை மிகுந்த மனநிலையைக் குறிக்கிறது. உடலில் இரத்தம் ஓங்கியிருப்பவர் மகிழ்ச்சியும் நம்பிக்கையும் உடையவர் என்று கருதிய பண்டைய மருத்துவக் கொள்கையே காரணம். நம் மரபில் வாதம், பித்தம், கபம் என்று உடலியல்பைப் பிரித்ததை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

படி 8: வேர் இல்லாதவற்றையும் ஒதுக்காதீர்கள்

எல்லாத் தேர்வுச்சொற்களும் இலத்தீன் அல்ல. மறுத்துரைத்தலைக் குறிக்கும் கெய்ன்சே பழைய நாட்டுச்சொற்களால் ஆனது. சுருங்கப் பேசுவதைக் குறிக்கும் லகோனிக், கிரேக்க நாட்டின் லகோனியா என்ற இடத்தின் பெயரால் வந்தது. இவற்றுக்கெல்லாம் வேர் தேடி நேரத்தைக் கழிக்காமல், அட்டைகளில் எழுதிச் சாதாரணமாக மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது. நான்கில் ஒரு பங்கு படிப்புநேரத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

படி 9: கால அட்டவணையும் மீள்பார்வையும்

வாரத்துக்கு ஐந்து வேர்கள் என்ற அளவில் சென்றால் பன்னிரண்டு வாரங்களில் அறுபது வேர்கள் முடியும். வேருக்கு ஏழு சொற்கள் என்றாலும் நானூறுக்கு மேற்பட்ட சொற்கள் குடும்பம் குடும்பமாகக் கைவசமாகும். வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர்கள் வாரத்துக்கு மூன்று வேர்களோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுதிய பக்கத்தை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் படிப்பது அன்று. சொற்களை மட்டும் விட்டுவிட்டுப் பொருளைத் தாளால் மறைத்து, தாமே சொல்லிப் பார்ப்பது. வாரத்தின் ஏழாம் நாளில் புதியது எதையும் தொடாமல், வெவ்வேறு பக்கங்களிலிருந்து ஒரே பொருளுடைய சொற்களை இணைசேர்க்கும் பயிற்சியைச் செய்யுங்கள். பக்னேஷஸோடு பெலிகோஸ், டெனேஷஸோடு பெர்டினேஷஸ், லொக்வேஷஸோடு கேருலஸ் என்று அமையும் இந்த இணைகள்தான் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் வினாக்களுக்கு நேரடித் தயாரிப்பு.

படி 10: தேர்வறையில் வேரின் இடம்

வினாவைப் படித்ததும் விடைகளைப் பார்க்காதீர்கள். வெற்றிடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று உங்கள் மனத்திலுள்ள எளிய சொல்லால், அது தமிழ்ச்சொல்லாக இருந்தாலும், நிரப்புங்கள். அது கூட்டலா கழித்தலா என்றும் முடிவுசெய்யுங்கள். அதன்பின் விடைகளுக்கு வாருங்கள். தெரிந்த சொற்களை முதலில் ஏற்கவோ தள்ளவோ செய்துவிட்டு, தெரியாத சொல் எஞ்சினால் மட்டும் வேரைப் பாருங்கள். அப்போதும் ‘இதுவாக இருக்கலாம்’ என்று தேர்ந்தெடுப்பதற்கு முன், ‘இதுவாக இருக்க முடியாது’ என்று நீக்குவதற்கே அதைப் பயன்படுத்துங்கள். புகழ்ச்சி தேவைப்படும் வெற்றிடத்தில், அறியாத ஒரு சொல்லின் தொடக்கத்தில் ‘தீய’ என்னும் மல் தெரிந்தால் அதைத் தயங்காமல் நீக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் சென்று திருத்த முடியும் என்பதால், ஒரு சொல்லின் வேரைத் துருவிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல், குறியிட்டுவிட்டு நகருங்கள்.

ஈ.டி.எஸ். இலவசமாக வழங்கும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைப் பயிற்சியின் நடுவிலும், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாட்களுக்கு முன்னும் எழுதுங்கள். இரண்டாவதில் தவறிய ஒவ்வொரு வினாவையும், சொல் தெரியாததால் தவறியதா, பொறிச்சொல்லால் தவறியதா, வாக்கியத்தைச் சரியாகப் படிக்காததால் தவறியதா என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது வகை மிகுதியாக இருந்தால் வேர்ப்பக்கங்களை மூடி வைத்துவிட்டு வாசிப்புப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். கடைசி வாரத்தில் புதிய வேர் எதையும் எடுக்காமல், பொறிப் பக்கத்தையும் இணைச்சொற்களையும் மட்டும் நாள்தோறும் ஒருமுறை பாருங்கள்.